பழைய வாட்சுக்குத் தாய்ப்பத்திரம் தேடுவது எப்படி?

நிலம் வாங்கப் போகிறவர் முதலில் தாய்ப்பத்திரம் கேட்பார். அடுத்து வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் அடமானம் உண்டா, வழக்கு உண்டா என்று தெரிந்த பிறகுதான் முன்பணம் கைமாறும். அதே மனிதர் ஐம்பது வருடப் பழைய கைக்கடிகாரம் வாங்கும்போது, "எங்க தாத்தா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டுவந்தது சார்" என்ற ஒரே வரியைக் கேட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

வாட்சுக்குச் சார்பதிவாளர் அலுவலகம் கிடையாது. அதனால் பூர்வீகம் பார்க்கவே முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. வாட்ச் தன் உடம்பிலேயே நிறைய எழுத்துகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. அவற்றை எங்கே தேடுவது, எந்த எழுத்து எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி ஆகாது என்று தெரிந்துகொண்டால் போதும்.

பூர்வீகம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த வாட்ச் எங்கே, எப்போது, எந்தெந்த உதிரிகளோடு செய்யப்பட்டது என்பது முதல் கேள்வி. அதன்பின் யார் யாரிடம் இருந்தது, இப்போது விற்பவருக்கு அதை விற்க உரிமை இருக்கிறதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். நூற்றுக்கு நூறு அசலான வாட்ச் திருட்டுப் பொருளாக இருக்கலாம். பரம்பரையாக ஒரே வீட்டில் இருந்த வாட்சில் டயல் மாற்றப்பட்டிருக்கலாம்.

கதையைக் கேட்பதற்கு முன் படம் எடுங்கள்

விற்பவர் சொல்லும் கதையை முதலில் கேட்டுவிட்டால், பார்ப்பதெல்லாம் அந்தக் கதைக்குப் பொருந்துவதுபோலவே தோன்றும். ஆகவே முதல் வேலை படம் எடுப்பது. துணியால் துடைக்கக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது. டயலை நேராக ஒரு படம், சாய்வான வெளிச்சத்தில் ஒரு படம். பக்கவாட்டில் இரண்டு. பின்மூடியின் வெளிப்புறம். செயின் இருந்தால் அதன் கொக்கியைத் திறந்து உட்புறம். ஸ்ட்ராப்பைக் கழற்றி, அது கேஸோடு, அதாவது வாட்சின் உலோகக் கூட்டோடு, சேரும் கொம்புகளுக்கு நடுவிலுள்ள இடம். இத்தனையும் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றும் செல்போன் கேமராவும் இருந்தாலே எடுத்துவிடலாம்.

பின்மூடியைத் திறப்பது வேறு விஷயம். அழுத்தி மூடும் வகைக்குக் கத்தி வேண்டும். அது வழுக்கினால் கேஸில் கீறல் விழும், உள்ளே போனால் பேலன்ஸ் சக்கரத்தின் மயிரிழை ஸ்பிரிங் வளைந்துவிடும். திருகி மூடும் வகையைப் பொருந்தாத சாவியால் திருகினால் விளிம்புப் பள்ளங்கள் சிதையும். புதிதாக இறங்குகிறவர்கள் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து, தங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்வதே நல்லது. திறந்ததும் மூன்று படங்கள் தேவை: மூடியின் உட்புறம், மெஷின் முழுவதும், பேலன்ஸ் சக்கரத்தின் அருகே கீழ்த்தட்டில் பொறித்திருக்கும் சிறு முத்திரை. மெஷினைச் செய்த ஆலையின் அடையாளமும், மெஷினின் ரகத்தைக் குறிக்கும் கேலிபர் எண்ணும் பெரும்பாலும் அந்தச் சக்கரத்தடியில்தான் ஒளிந்திருக்கும்.

டயல் 1960-களுக்கு முந்தையதாக இருந்து, எண்களில் பழுப்பேறிய ஒளிப்பூச்சு இருந்தால் எச்சரிக்கை தேவை. அது ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிராமல் போய்விட்டதால் தீங்கு நீங்கிவிடவில்லை. ஒளிரவைக்கும் வேதிப்பொருள்தான் செத்துப்போயிருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். அதைச் சுரண்டவோ, தூசியை வாயால் ஊதவோ கூடாது.

எந்த எண் எதைச் சொல்கிறது

ஒரு வாட்சில் மூன்று நான்கு எண்கள் இருக்கும். எல்லாவற்றையும் 'சீரியல் நம்பர்' என்று சொல்லிவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மாடல் எண், அந்த ஒரு வாட்சுக்கே உரிய வரிசை எண், மெஷினின் கேலிபர் எண், மெஷினுக்குத் தனியாக உள்ள வரிசை எண் ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு செய்திகள்.

நம் ஊரில் அதிகம் கிடைக்கும் ஜப்பானிய வாட்சை வைத்தே பழகலாம். 1970-களின் சீக்கோ ஒன்றின் பின்மூடியில் 6139-6002 என்றும், தனியாக 4என்0512 என்றும் பொறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கோட்டுக்கு முன்னால் உள்ள 6139 மெஷினின் கேலிபர். பின்னால் உள்ள 6002 கேஸின் வடிவம். அடுத்த எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம்; அதாவது 4. இரண்டாவது இடம் மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஆங்கில எழுத்துகளான ஓ, என், டி. ஆக, நான்கில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் நவம்பர். 1964-ஆ, 1974-ஆ, 1984-ஆ? 6139 கேலிபர் 1969-ல் வந்து 1970-களின் இறுதியோடு நின்றுபோனது. எனவே 1974 நவம்பர்.

இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. நாம் கண்டுபிடித்தது பின்மூடியின் தேதி மட்டுமே. மூடியை யாரும் மாற்றலாம். டயலின் அடி விளிம்பில், ஆறு மணிக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதுவும் 6139 என்றே தொடங்க வேண்டும். திறந்து பார்த்தால் மெஷினிலும் 6139 இருக்க வேண்டும். மூடியில் நீர்காப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பாருங்கள். 1970-ஐ ஒட்டி 'வாட்டர் புரூஃப்' என்று போடுவதை விட்டு 'வாட்டர் ரெசிஸ்ட்' என்று போடத் தொடங்கினார்கள். 1974 என்று எண் சொல்ல, சொல் 'புரூஃப்' என்றிருந்தால் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது.

சீக்கோவில் இன்னொரு சாட்சி உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் கிடைக்கும் வாட்சுகளுக்கு அது மிகவும் உதவும். கிழமை காட்டும் சக்கரத்தில் இரண்டு மொழிகள் இருக்கும். கிரௌனை, அதாவது பக்கவாட்டிலுள்ள திருகு குமிழைப் பயன்படுத்தி கிழமையை மெதுவாக நகர்த்தினால் ஆங்கிலமும் மற்ற மொழியும் மாறி மாறி வரும். மற்ற மொழி அரபியாக இருந்தால் அந்த வாட்ச் வளைகுடாச் சந்தைக்காகப் போனது. சீன எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கிழமைக்கு எண் போட்டிருந்தால் ஹாங்காங், சிங்கப்பூர் பக்கம். சூரியன், சந்திரன், நெருப்பு, நீர், மரம், பொன், மண் என்பவற்றுக்கான எழுத்துகள் வந்தால் அது ஜப்பானிலேயே விற்க வைத்திருந்தது. தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார் என்ற கதைக்கு அரபிச் சக்கரம் பொருந்தாது. அதற்காக உடனே பொய் என்று முடிவுகட்டவும் வேண்டாம். பழுதுபார்க்கும்போது சக்கரம் மாறியிருக்கலாம். "இதை மறுபடி கேட்டுப் பார்" என்பதற்கான குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸ் வாட்சுகளில் எண் இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒமேகாவின் பழைய வாட்சுகளில் வரிசை எண் மெஷின் மேலேயே இருக்கும். கேஸ் எண் மூடியின் உட்புறத்தில் இருக்கும். பழைய ரோலெக்ஸில் பன்னிரண்டு மணிப் பக்கத்துக் கொம்புகளின் நடுவே மாடல் எண், ஆறு மணிப் பக்கத்தில் வரிசை எண். செயினின் உரசலால் இவை தேய்ந்து மங்கியிருப்பது இயல்பு. அரத்தால் ராவி எடுத்தது போலிருந்தால் அங்கேயே விலகிவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. 1950-களிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை ரோலெக்ஸ் பின்மூடியின் உட்புறத்தில் ரோமன் எண்ணில் காலாண்டும், பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் குத்தியிருப்பார்கள். வரிசை எண் காட்டும் காலமும் இந்தக் காலாண்டும் ஓராண்டுக்குள் ஒத்துப்போனால் மனம் நிம்மதியடையலாம்.

வரிசை எண்ணை வைத்து ஆண்டு சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். பெரும்பாலானவை சேகரிப்பாளர்கள் பல வாட்சுகளை ஒப்பிட்டுத் தொகுத்தவை. ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். எண் சொல்வது ஆலையில் செய்த காலம். கடையில் விற்ற காலம் அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்தும் இருக்கலாம். 2010-க்குப் பிந்தைய ரோலெக்ஸுக்குப் பட்டியலே உதவாது, எண்களை வரிசையில்லாமல் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சாதாரண சுவிஸ் பெயர்கள் பலவற்றுக்கு இவ்வளவு தூரம் போக முடியாது. ஏ. ஷில்ட், ஃபோன்டைன்மெலோன் போன்ற மெஷின் ஆலைகளிடம் வாங்கிக் கேஸில் பொருத்தி, தங்கள் பெயரை டயலில் அச்சடித்து விற்ற கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றில் கேலிபர் எண்ணை வைத்து எந்தப் பத்தாண்டு என்று சொல்ல முடிந்தால் அதுவே நல்ல பலன்.

கேஸில் இருக்கும் முத்திரைகள்

வெள்ளி, தங்கக் கேஸ்கள் எஃகைவிட அதிகம் பேசும். சுவிஸ் தர முத்திரையில் கரடி இருந்தால் 0.875 வெள்ளி, காட்டுக்கோழி என்றால் 0.800, பெண் தலை 18 காரட் தங்கம். பிரிட்டனுக்குள் இறக்குமதியான வாட்ச் கேஸ்கள் 1907 ஜூனிலிருந்து அங்கேயே தரம் பார்த்து முத்திரை குத்தப்பட்டன. அந்த முத்திரையில் நகரத்தின் சின்னம், தரத்தின் எண், ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து, பதிவு செய்தவரின் முதலெழுத்துகள் என நான்கும் இருக்கும். ஆண்டெழுத்தைப் படிக்கும்போதுதான் எல்லோரும் இடறுகிறார்கள். ஒவ்வொரு நகரமும் தனித்தனியாக எழுத்து வரிசை வைத்திருந்தது. இருபது இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்ப வரும், எழுத்தின் அச்சு வடிவமும் அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவமும் மட்டும் மாறும். ஆகவே முதலில் நகரம், பிறகு கட்டத்தின் வடிவம், கடைசியில்தான் எழுத்து. தலைகீழாகப் போனால் பர்மிங்காம் எழுத்தை லண்டன் பட்டியலில் தேடி, பல ஆண்டு தள்ளி நிற்க நேரும்.

பழைய ஆங்கிலேயப் பாக்கெட் வாட்சுகளில் கேஸிலும் மெஷினிலும் ஒரே எண் இருப்பது வழக்கம். வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க வாட்சுகளில் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. அங்கே மெஷினைத் தனியாகவும் கேஸைத் தனியாகவும் வாங்கி, கடையில் பொருத்திக் கொடுத்தார்கள். எண்கள் ஒவ்வாததைப் பார்த்துவிட்டு நல்ல வாட்சை ஒதுக்கியவர்கள் உண்டு.

டயலில் இரண்டு பெயர்கள் இருந்தால் ஒன்று செய்தவர், மற்றது விற்றவர். சில நேரம் விற்றவர் பெயர் மட்டுமே இருக்கும். சென்னை மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் போட்ட வாட்சுகள் இன்றும் கைக்குக் கிடைக்கின்றன. மெஷின் வெளிநாட்டில் செய்தது. பெயர் மதராஸ் கடையுடையது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வியாபாரம் செய்த வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தில் செய்வித்து, 'சவார் பிரைமா' போன்ற பெயர்களில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இப்படி விற்றவர் பெயர் கிடைத்தால் தேடல் சட்டென்று நெருங்கிவிடும். கடை எந்த முகவரியில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்பது பழைய வணிக டைரக்டரிகளிலும் நாளிதழ் விளம்பரங்களிலும் பதிவாகியிருக்கும். மதராஸ் தொடர்பான பழைய ஆவணங்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், அச்சு நூல்கள், இதழ்களுக்குத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் போக வேண்டிய இடங்கள்.

ரயில்வே எழுத்துகளும் நல்ல சாட்சி. மூடியில் எம். அண்ட் எஸ்.எம். ரயில்வே என்ற சுருக்கம் இருந்தால் அது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா. அந்தப் பெயரில் கம்பெனி இருந்தது 1908 முதல் 1951 வரை. 1951 ஏப்ரல் 14-ல் அதுவும் சவுத் இந்தியன் ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. எனவே மெஷின் 1960-களைச் சேர்ந்ததாக இருந்து, மூடியில் இந்தச் சுருக்கம் இருந்தால், மூடியோ பொறிப்போ வேறிடத்திலிருந்து வந்திருக்கிறது.

டயல்: அதிகம் ஏமாறும் இடம்

வாட்சின் விலையில் பெரும்பங்கு டயலுடையது. மாற்றப்படுவதும் அதுதான் அதிகம். நம் நாட்டின் ஈரக்காற்றில் டயல் கறுத்துப்போகும். மறுபூச்சு கொடுத்துப் புதிதாக அச்சடிப்பது பல வருடமாக ரிப்பேர் வேலையின் ஒரு பகுதி. அதில் குற்றம் எதுவுமில்லை. மறுபூச்சு டயலை அசல் டயல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். எச்.எம்.டி., ஃபாவ்ர் லூபா, சிட்டிசன், ரோமர் போன்ற பழைய மெஷின்களில் பளிச்சென்ற நிறத்தில் புது டயல் ஒட்டி, வெளிநாட்டுச் சந்தையில் குறைந்த விலைக்கு விற்கப்படும் வாட்சுகளுக்குச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

லூப் வழியாகப் பார்த்தால் இவை தெரியும்: எழுத்துகளின் தடிமன் ஒரே வரிக்குள் மாறுவது; நிமிடக் கோடுகள் பதித்த மணிக் குறிகளுக்கு நேராக நிற்காமல் சற்று விலகுவது; ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய 'ஸ்விஸ்' என்ற சொல் காணாமல் போவது, அல்லது கேஸ் வளையத்தடியில் பாதி மறைவது; சிறு வினாடி வட்டத்தின் உள்ளே பெயின்ட் தேங்கி நிற்பது. டயலைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் விளிம்பையும் முதுகையும் பாருங்கள். மறுஅச்சடிப்பவர்கள் டயலை நேராக வைக்க விளிம்பில் சிறு வெட்டு போடுவார்கள், முதுகில் வேலை எண்ணைக் கீறுவார்கள்.

ஒளிப்பூச்சும் காலம் சொல்லும். டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' எழுத்து இருந்தால் டிரிடியம். 1960-களிலிருந்து 1990-களின் இறுதி வரை அதுதான் வழக்கம். டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் 1970-ன் டயல் இன்று இருட்டில் தானாக ஒளிராது. புறஊதா டார்ச் அடித்து அணைத்துப் பாருங்கள். பழைய பூச்சு மங்கலாகத் தெரிந்து சில நொடிகளில் மறையும். நிமிடக்கணக்கில் பச்சையாக மின்னிக்கொண்டே இருந்தால் பூச்சு புதிது. டயல் ஒரு மாதிரியும் முட்கள் வேறு மாதிரியும் ஒளிர்ந்தால் முட்கள் வேறு இடத்தவை.

ஆவணக் காகிதம் எதுவரை பேசும்

சில கம்பெனிகள் பழைய ஏடுகளைப் பார்த்து எழுதித் தரும். லாஞ்சின்ஸ் 1867-லிருந்து வரிசை எண் கொடுத்து வருகிறது. அதன் கையெழுத்துப் பேரேடுகளில் அந்த எண்ணுள்ள வாட்ச் எந்தத் தேதியில் எந்த நாட்டு முகவருக்குப் போனது என்பது இருக்கும். பாதெக் ஃபிலிப் தரும் குறிப்பில் செய்த ஆண்டும் விற்ற தேதியும் வரும். வாங்கியவர் பெயர் வராது. ரோலெக்ஸ் இப்படி எதையும் பொதுமக்களுக்குத் தருவதில்லை. எழுதிக் கேட்கும்போது மாடல் எண், வரிசை எண், டயல், மூடியின் உட்புறம், மெஷின் ஆகியவற்றின் தெளிவான படங்கள் வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் வேறொரு வாட்சின் வரலாறு வந்து சேரும்.

இந்தக் காகிதத்தை மதிக்க வேண்டும். ஆனால் அது எதற்குச் சாட்சி என்பதை மறக்கக் கூடாது. "இந்த எண்ணில் ஒரு வாட்சை இந்தத் தேதியில் அனுப்பினோம்" என்பது மட்டுமே அதன் வாக்குமூலம். உங்கள் மேசையில் இருக்கும் டயலும் கேஸும் அதே வாட்சினுடையவைதான் என்று அது சொல்வதில்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1957-ன் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று முப்பத்தொரு லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். வெவ்வேறு வாட்சுகளின் உதிரிகளைக் கோத்துச் செய்தது அது என்றும், அதில் தன் முன்னாள் ஊழியர்களுக்குப் பங்கிருந்தது என்றும் 2023-ல் ஒமேகாவே அறிவித்தது. செய்த கம்பெனியே தவறிய இடத்தில் நாம் ஒரு காகிதத்தை மட்டும் நம்பி நிற்க முடியாது. எண், எழுத்து, தேய்மானம், காகிதம் ஆகிய எல்லாமே ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

பெட்டியும் உத்தரவாதச் சீட்டும் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. சீட்டிலுள்ள எண்ணும் வாட்சின் எண்ணும் இலக்கத்துக்கு இலக்கம் ஒன்றா, சீட்டின் தேதி செய்த காலத்துக்குப் பிந்தையதா, கடை முத்திரையின் ஊர் அந்த வாட்ச் போன சந்தையோடு சேருகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் காகிதம் இல்லாததைச் சந்தேகக் குறியாக எடுக்க வேண்டியதில்லை. 1970-களிலும் 80-களிலும் வெளிநாட்டு வாட்சுகள் பயணப் பெட்டிகளில் வந்தன, பர்மா பஜார் போன்ற இடங்களில் பில் இல்லாமல் விற்றன.

யார் கையில் இருந்தது

சொந்தக்காரர்களைத் தேட முதல் இடம் மூடியின் உட்புறம். ரிப்பேர்க்காரர்கள் ஊசியால் கீறிய சின்னஞ்சிறு எண்கள் அங்கே இருக்கும். சாய்வான வெளிச்சத்தில் லூப்பை வைத்து மூடியை மெதுவாகச் சுழற்றினால், ஒரு கோணத்தில் வெறும் உலோகமாக இருந்தது அடுத்த கோணத்தில் 'ஏழு கோடு எழுபத்தொன்று' என்று தெரியும். 1971 ஜூலையில் யாரோ பழுதுபார்த்திருக்கிறார். அதன் கீழே வேறு கையெழுத்தில் ஒரு வேலை எண். அதற்கும் கீழே அடகுக் கடை எண்ணாகவும் இருக்கக்கூடும். பெயர் கிடைக்காது. ஆனால் அந்தத் தேதிகளில் இது ஓடிக்கொண்டிருந்த, ஒருவர் காசு கொடுத்துப் பராமரித்த வாட்ச் என்பது உறுதியாகும். "ஐம்பது வருடமாக அலமாரியில் கட்டாமலே இருந்தது" என்று சொல்பவருக்கு எதிராக இந்தக் கீறல்கள் போதும். பாலிஷ் போடக் கொடுக்கும்போது மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது என்று கட்டாயம் சொல்லுங்கள்.

பொறித்த பெயர், பரிசு வாசகம் இருந்தால் முதலில் பொறிப்பின் வயதைப் பாருங்கள். பழைய பொறிப்பின் பள்ளத்தில் அழுக்கு உறைந்திருக்கும், ஓரங்கள் மழுங்கியிருக்கும், பிற்காலக் கீறல்கள் எழுத்தின் மேலேறிக் கடந்து போகும். கீறல்கள் எழுத்துக்கு அருகே வந்து வெட்டுப்பட்டு நின்றால், எழுத்து பிற்பாடு வந்தது. ஆழம் எங்கும் ஒரே சீராக இருந்தால் லேசர். பிறகு தேதியை வாட்சின் பிறந்த ஆண்டோடு ஒப்பிடுங்கள். அதன்பிறகே பெயரைத் தேடிப் பழைய நாளிதழ், அரசிதழ், ஊழியர் பட்டியல் என்று போக வேண்டும்.

ராணுவக் குறிகளுக்கும் இதே ஒழுங்குதான். பின்மூடியில் அகன்ற அம்புக்குறியும் மூன்று 'டபிள்யூ' எழுத்துகளும் இருந்தால், இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பிரிட்டிஷ் படைக்காகப் பன்னிரண்டு கம்பெனிகள் செய்த வகை. பிற்கால பிரிட்டிஷ் வாட்சுகளில் 6645-99 என்ற கையிருப்பு எண் வரும். 6645 கடிகார வகை, 99 பிரிட்டன். முன்னால் 6பிபி என்றால் விமானப்படை, டபிள்யூ10 என்றால் தரைப்படை, 0552 என்றால் கடற்படை. கடைசியில் சாய்கோட்டுக்குப் பின்னால் ஆண்டு. இந்தக் குறிகள் படையின் பெயரைச் சொல்லும், வீரரின் பெயரைச் சொல்லாது. வீரர் பெயரும் சேர்த்து விற்கிறவர் தனி ஆதாரம் காட்ட வேண்டும்.

சங்கிலி அறுபடாத பூர்வீகம் எப்படி இருக்கும் என்பதற்கு நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா நல்ல உதாரணம். அவர் மனைவி ஜோன் உட்வார்ட் கொடுத்தது. பின்மூடியில் பத்திரமாக வண்டி ஓட்டச் சொல்லும் வாசகம். அதை அணிந்த நியூமனின் படங்கள் ஏராளம். 1984-ல் தன் மகளின் அப்போதைய நண்பருக்கு அதைக் கொடுத்தார். அவரிடமிருந்து 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்துக்கு வந்து 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. கைகள் இரண்டே. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பேசக்கூடிய சாட்சி இருந்தது. அதே 6239 மாடல் வேறு யாருடையதாவது இருந்தால் அந்த விலையின் பக்கத்தில்கூடப் போயிருக்காது.

நம் வீட்டுத் தாத்தா வாட்சுக்கும் முறை இதுதான். அவர் கையில் அது தெரியும் கல்யாணப் படம், கடவுச்சீட்டின் பயணத் தேதி, சர்வீஸ் ரசீது, ஓய்வுபெற்ற நாளின் பாராட்டு மடல் எல்லாமே கண்ணிகள். குறித்துவைக்கும்போது மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: வாட்சிலேயே பார்த்தது, எழுத்தில் இருப்பது, வாய்வழியாகக் கேட்டது. மூன்றும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால் பத்து வருடம் கழித்துக் கேட்டது பார்த்ததாகிவிடும்.

விற்க உரிமை உண்டா

இந்தியாவில் 1930-ன் சரக்கு விற்பனைச் சட்டம் 27-ஆம் பிரிவின் அடிப்படை இது: தனக்கு இல்லாத உரிமையை விற்பவர் வாங்குபவருக்குத் தர முடியாது. நீங்கள் நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்திருந்தாலும், திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் அது உண்மையான சொந்தக்காரருக்கே போகும். திருட்டு என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு வரும்.

விலை கூடிய வாட்சானால் முழு வரிசை எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்கி, லண்டனிலுள்ள தி வாட்ச் ரிஜிஸ்டர் போன்ற திருட்டு வாட்ச் பதிவுகளில் சோதியுங்கள். கூடவே அந்த எண்ணை இணையத்திலும் தேடுங்கள். ஒரே எண் இரண்டு வாட்சுகளில் தென்பட்டால் ஒன்றாவது போலி. பதிவில் இல்லாததாலேயே திருட்டு இல்லை என்று ஆகிவிடாது, யாரும் பதியாமல் விட்டிருக்கலாம்.

வீட்டு வாட்ச் என்றால் வேறு ஒரு சிக்கல். தாத்தாவின் வாட்சை விற்கும் பேரனுக்கு அத்தைகளும் சித்தப்பாக்களும் இருப்பார்கள். மற்ற வாரிசுகளுக்குத் தெரியுமா என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் ஒரு வாரம் பொறுத்திருங்கள். பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ மூலமாகவோ அனுப்புங்கள். கையெழுத்திட்ட ரசீதில் விற்பவர் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம், தேதி, விலை, கம்பெனி, மாடல் எண், வரிசை எண், "இது என் சொந்தப் பொருள், அடமானத்தில் இல்லை" என்ற வாசகம் ஆகியவை இருக்கட்டும். டயல், முள், கிரௌன் ஏதேனும் மாற்றியிருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள். நேர்மையான வியாபாரி இதற்குச் சுணங்கமாட்டார்.

வாங்கிய நாளிலிருந்து அடுத்த கண்ணி நீங்கள். ரசீது, முதல் நாள் படங்கள், திறந்தபோது எடுத்த படங்கள், மூன்றாகப் பிரித்த குறிப்பு எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வாட்சோடு வையுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மாற்றும் உதிரிகளைத் தூக்கிப்போடாமல் திருப்பித் தரச் சொல்லுங்கள். துருப்பிடித்த கிரௌனாக இருந்தாலும், ஒளிப்பூச்சு உதிர்ந்த முள்ளாக இருந்தாலும், ஒரு சிறு ஸிப் பையில் மூடி, எந்தத் தேதியில் எதற்காக மாற்றியது என்று மேலே எழுதி, அதே உறைக்குள் வையுங்கள்.